அதிராம்பட்டினத்தில் ஒரே ஒரு டியூப்

அக்கா,

நம் தெருவுக்கு இன்று தார் போடுகிறார்கள். காலையிலிருந்து வாய்க்கால் மதகு ஓரமாகத் தார் கொதித்துக்கொண்டிருக்கிறது. அந்த வாசனை கூடத்துக்குள் வந்ததும் உங்கள் கொழுந்தனார் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். நான் சாத்தவில்லை. எதிர்வீட்டுப் பெண்கள் மூக்கைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டு போகிறார்கள். எனக்கோ உங்கள் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது. கொஞ்ச நேரம் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலோரம் நின்றேன். பிறகு இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நீங்கள் மூத்த ஓர்ப்படி. உங்கள் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். குத்தகை நிலத்தையும் சேர்த்து அத்தனை வயலையும் நீங்கள்தான் பார்த்துக்கொண்டீர்கள். ஆற்றில் தண்ணீர் விட்டுவிட்டார்களா, நடவுக்கு யாரைக் கூப்பிடுவது, களத்தில் நெல்லை எப்போது கிளறுவது எல்லாம் உங்கள் பேச்சுப்படிதான் நடந்தது. வெயில் கொளுத்தும் சித்திரையிலும் மணிக்கட்டு வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவீர்கள். வெள்ளிக்கிழமை விருந்தாளிப் பெண்கள் கிளம்பும்போது குங்குமச் சிமிழை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவீர்கள். எனக்குக் காப்பி தரும்போதுகூட டம்ளரை என் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவீர்கள். கெட்டிக்காரப் பெண்களுக்கு உள்ள கர்வம் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்து சில மாதங்கள் கழித்துக் கொல்லைக் கொடியில் பழைய நூல்புடவைக் கிழிசல்கள் காய்வதைப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கறுப்புக் கறை. எத்தனை முறை துவைத்தும் போகாத கறை. என்ன அக்கா இது என்று கேட்டபோது, கிணற்றடியில் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, ரவிக்கைக் கையை முழங்கை வரை ஏற்றினீர்கள். தோல் சிவந்து, அதன்மேல் வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக எழும்பியிருந்தது. புறங்கையிலும் இருந்தது.

“சொரியாசிஸ். ஒட்டாது. ஆனா ஒட்டாதுன்னு சொன்னா யாரு நம்பறா? அதனால நான் சொல்றதே இல்ல” என்றீர்கள்.

அவ்வளவுதான். கையை இறக்கிவிட்டுத் துணி அலசப் போய்விட்டீர்கள்.

தஞ்சாவூரில் தோல் மருத்துவர் எத்தனையோ களிம்புகளை எழுதிப் பார்த்து, கடைசியில் உங்களுக்கு ஒத்துக்கொண்டது அந்தத் தார் கலந்த களிம்புதான். தேய்த்துக்கொண்டால் உடனே ஒன்றும் தெரியாது. விடாமல் போட்டால் சில வாரங்களில் செதில் அடங்கி, சிவப்பு மங்கி, தோல் தோலாகத் தெரியும். அறை முழுக்க ரோடு போடும் வாசனை அடிக்கும். கறுப்பு ஒட்டாமலிருக்கப் பழைய துணியைக் கையில் சுற்றிக்கொண்டுதான் படுப்பீர்கள். அது வேண்டும் என்று சீட்டை நீட்டினால் எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்று தஞ்சாவூரில் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நெல் மண்டிக்குப் போகும் சாக்கில் போய் வாங்கி வருவீர்கள்.

அந்த மார்கழியில் அந்தக் கடையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மார்கழிப் பனி உங்கள் கைக்கு எப்போதுமே ஆகாது. அந்த வருஷம் உங்கள் மகள் தேவியைப் பெண் பார்க்க மன்னார்குடிப் பக்கத்திலிருந்து தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். நல்ல குடும்பம், பையன் பொறியாளர், தரகர் நாலு தடவை வந்துவிட்டார். உங்கள் பெண்ணுக்கு அமைந்த முதல் பெரிய இடம். நீங்கள் என்னை அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. கை சரியாகவில்லையென்றால் அன்றைக்கு நீங்கள் அடுப்படியை விட்டு வெளியே வரப்போவதில்லை. பெண்ணுக்கு அம்மா ஸ்தானத்தில் நான்தான் நிற்க வேண்டும். அம்மாவுக்கு இருந்தால் பெண்ணுக்கும் வரும் என்று பேச்சு கிளம்பினால் அப்புறம் எந்த இடமும் அமையாது என்றீர்கள். நான் பையை எடுத்து வைத்தேன். மறுநாள் இருவரும் கிளம்பினோம்.

மருத்துவக் கல்லூரிச் சாலையில் வரிசையாக மெடிக்கல் கடைகள். ஒவ்வொன்றாக ஏறி இறங்கினோம். ஒருவர் சீட்டைப் பார்த்ததுமே தலையாட்டினார். ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, மொத்த வியாபாரியிடமே வரவில்லை என்றாள். இதையெல்லாம் இப்போது யாரம்மா எழுதுகிறார்கள் என்று ஒருவர் சிரித்தார். இன்னொருவர் வெள்ளைக் களிம்பு ஒன்றை எடுத்து வைத்து, இரண்டே நாளில் கை வழவழவென்று ஆகிவிடும் என்றார். அது உங்களுக்குத் தெரிந்த களிம்பு. “தெரியும் தம்பி. விட்டா அதுக்கப்புறம் ரெண்டு மடங்கா வரும்” என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள்.

நாலைந்து கடை தாண்டிய பிறகுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. ஒவ்வொரு கடையிலும் சீட்டை நீட்டியது நான். நீங்கள் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றீர்கள். கடைக்காரர்கள் சீட்டைப் படித்துவிட்டு என் கையைத்தான் பார்த்தார்கள். பிடிபட்ட பிறகும் நான் சொல்லவில்லை. அடுத்த கடையிலும் நானே நீட்டினேன்.

மருத்துவரிடம் திரும்பிப் போனோம். மாத்திரை இருக்கிறது, ஆனால் ரத்தம் பரிசோதித்துப் பார்த்துத்தான் தொடங்க வேண்டும், அவசரப்பட வேண்டாம், களிம்பு எங்காவது கிடைக்கிறதா பாருங்கள் என்றார். கும்பகோணத்துக்குப் போனோம். அங்கேயும் இல்லை. அப்படியே என் அம்மா வீடு இருக்கும் திருவிடைமருதூருக்குப் போனோம். கோயில் வீதிக்குப் பக்கத்தில் என் அண்ணனுடைய சிநேகிதர் ஒரு சின்ன மெடிக்கல் வைத்திருக்கிறார். அவர் மற்றவர்களைப் போலச் சீட்டைத் திருப்பித் தரவில்லை. நம்மை உட்காரவைத்து, தெரிந்த மருந்துக் கம்பெனி ஆட்களுக்கெல்லாம் போன் போட்டார். அவர்களில் ஒருவர் சொன்னார்: அதிராம்பட்டினத்தில் ஒரு பாய் கடையில் எப்போதும் இருக்கும், அங்கே வழக்கமாக வாங்குகிற ஆள் ஒருத்தர் உண்டு.

பாயிடம் போனில் நானே பேசினேன். கொஞ்சம் இருங்க என்று போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஒன்றே ஒன்று இருக்கிறது, எடுத்து வைக்கிறேன் வாங்க என்றார். அதைச் சொன்னதும் நீங்கள் அந்தக் கடை வாசலிலேயே கோயில் கோபுரம் இருந்த பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்கள்.

ராத்திரி அம்மா வீட்டில் தங்கி, விடிந்ததும் தஞ்சாவூர் போய், பட்டுக்கோட்டை பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். வழி நெடுக நீங்கள் வெளியே பார்த்துக்கொண்டு, இந்த வயலில் கதிர் முந்திவிட்டது, அந்த வயலில் புகையான் பூச்சி விழுந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். ஒரத்தநாடு தாண்டித் தென்னந்தோப்புகள் ஆரம்பித்ததும் பேச்சு நின்றுவிட்டது. உங்களுக்குத் தெரியாத பயிர். அதிராம்பட்டினத்தில் இறங்கியபோது காற்றே உப்பாக இருந்தது. இங்கே பனி இல்லையே, எனக்கு இந்த ஊர் ஒத்துக்கொள்ளும் போலிருக்கே என்று சிரித்தீர்கள். அந்த மாதத்தில் நீங்கள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

பாய் வயதானவர். தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்று, வாங்கம்மா, ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க என்றார். டியூபைக் காகிதப் பையில் போட்டு என் கையில் கொடுத்தார். கம்பெனியில் தயாரிப்பையே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள், மறுபடி எப்போது வரும் என்று தெரியாது, பார்த்துப் பயன்படுத்துங்கள் என்றார். கடைக்குப் பக்கத்திலிருந்து டீ வரவழைத்தார். நீங்கள் பையைத் திறந்து, டியூபை ஒருதரம் தொட்டுப் பார்த்துவிட்டு மூடினீர்கள்.

நாம் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் வந்தார். உங்கள் வயது இருக்கும். மீன் விற்று முடித்த அலுமினியச் சட்டியைப் படியில் கவிழ்த்துவிட்டு, பாய், என் மருந்த எடுத்து வச்சிருக்கீங்களா என்று கேட்டார்.

பாயின் முகம் போன போக்கைப் பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. மகள் பிரசவத்துக்கென்று போய் ரொம்ப நாளாக வரவில்லையே, வேறு எங்கேயாவது வாங்கிக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன் என்று அவர் தடுமாறினார். இப்போதுதான் இவர்களுக்குக் கொடுத்தேன் என்று நம்மைக் காட்டினார். அந்த அம்மாள் கோபப்படவில்லை. நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று மட்டும் கேட்டார்.

எனக்குத்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீங்கள் ரவிக்கைக் கையை மேலே ஏற்றிவிட்டீர்கள். “எனக்கு” என்றீர்கள். பாய் பார்க்க, தெருவில் போகிறவர்கள் பார்க்க, கையை நீட்டிக் காட்டினீர்கள். நான் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்த அம்மாள் தன் உள்ளங்கைகளை விரித்தார். உங்களுடையது புறங்கையில். அவருடையது உள்ளங்கையில், ரேகை ஓடும் இடமெல்லாம் வெடித்து, வெடிப்புக்குள் ரத்தம் தெரிந்தது. உப்பும் ஐஸும் படுகிற கை. “ஐஸுக்குள்ள கைய விட்டா உசுரு போயி உசுரு வரும்” என்றார், ஏதோ ஊர்ச் செய்தி சொல்வதுபோல.

பெயர் முத்துலட்சுமி என்றார். நீங்கள் விஷயத்தைச் சொன்னீர்கள். தையில் பெண் பார்க்க வருகிறார்கள், அதற்குள் கை அடங்க வேண்டும் என்றீர்கள். அவர் சட்டென்று, “அப்ப நீங்களே வச்சுக்கங்க. என்னைய மீனுங்களா வந்து பொண்ணு பாக்கப் போவுது?” என்றார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். சிரித்துக்கொண்டே இருந்தீர்கள், ஆனால் கண் அவருடைய உள்ளங்கையிலேயே இருந்தது. பிறகு பையைத் திறந்து டியூபை எடுத்து அந்தக் கையில் வைத்தீர்கள்.

அவர் வேண்டாம் என்றார். பாயும் பாதிப் பாதி பிரித்துத் தருகிறேன் என்றார். நீங்கள் கேட்கவில்லை. “நான் நாலு பேரு பாக்கக் கூடாதுன்னு தேடிட்டு வந்தேன். நீங்க நாளைக்கு விடிஞ்சா ஐஸுல கைய வைக்கணும். பாதியெல்லாம் உங்களுக்குப் பத்தாது. வச்சுக்கங்க” என்றீர்கள்.

அவர் உங்களை ஒரு நிமிஷம் பார்த்தார். டியூபின் மூடியைத் திருகித் திறந்தார். உள்ளங்கையில் பிதுக்கித் தேய்த்துக்கொண்டார். கடை முழுக்க அந்த வாசனை. பிறகு, கையில் மிச்சமிருந்ததோடு உங்கள் கையை எட்டிப் பிடித்தார். நீங்கள் சடாரென்று இழுத்துக்கொண்டீர்கள். அவர் மறுபடி பிடித்தார். இந்தமுறை நீங்கள் இழுக்கவில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை அவர் நிதானமாகத் தேய்த்துவிட்டார், குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல. உங்கள் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. டாக்டர்கூடக் கையுறை போட்டுத்தான் பார்ப்பார். அத்தனை வருஷத்தில் உங்கள் கையை அப்படி யாரும் தொட்டதில்லை. ஒரே வீட்டில் இருந்த நானும் தொட்டதில்லை. நீங்கள் தொடவிட்டதும் இல்லை.

வெறும் பையோடு திரும்பினோம். பஸ்ஸில் எனக்கு மனசு ஆறவில்லை. இத்தனை அலைந்து, கைக்கு வந்ததை இப்படிக் கொடுத்துவிட்டு வருகிறோமே, தையில் என்ன செய்வது என்று கேட்டேன். பட்டுக்கோட்டை தாண்டிய பிறகு, “அந்தம்மாவப் பாத்தியா சுமதி? அந்தக் கையாலதான் நாளெல்லாம் மீன அள்ளிப் போடுது. மறைக்கணும்னு அதுக்குத் தோணவே இல்ல” என்றீர்கள். பிறகு என் கை மேல் உங்கள் கையை வைத்துக்கொண்டீர்கள். தஞ்சாவூர் வந்து இறங்கும்வரை எடுக்கவில்லை. நானும் அசையவில்லை.

தையில் அவர்கள் வந்தார்கள். அம்மா ஸ்தானத்தில் நிற்க நான் பட்டுப்புடவை கட்டித் தயாராக இருந்தேன். நீங்கள் அடுப்படியிலிருந்து காப்பித் தட்டோடு வெளியே வந்தீர்கள். குட்டைக் கை வைத்த பழைய ரவிக்கை. இத்தனை வருஷமும் பெட்டிக்குள் அதை வைத்திருந்தீர்கள் என்பதே எனக்குத் தெரியாது. பையனின் அத்தை டம்ளரை எடுக்கக் கையை நீட்டி, உங்கள் கையைப் பார்த்ததும் தயங்கி, காப்பி குடிப்பதில்லை என்றார். நீங்கள் தட்டோடு கூடத்தின் நடுவே அப்படியே நின்றீர்கள்.

“இது சொரியாசிஸுங்க. ஒட்டாது” என்றீர்கள். குரல் நடுங்கவில்லை. “என் பொண்ணுக்கு வருமான்னு கேட்டீங்கன்னா, வரலாம், வராமயும் போவலாம். டாக்டரும் அப்படித்தான் சொல்றாங்க. தெரிஞ்சுக்கிட்டே பேசுங்க. அப்புறமா தெரிஞ்சு என் பொண்ண ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது.”

அவர்கள் மரியாதையாகத்தான் கிளம்பினார்கள். இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்து, ஜாதகம் சரிவரவில்லையாம் என்றார். குவைத்திலிருந்து உங்கள் வீட்டுக்காரர் போனில் கத்தினார். நீயாகப் போய் ஏன் சொன்னாய் என்று கேட்டார். உங்கள் கொழுந்தனாரும் அன்றைக்கு உங்களிடம் பேசவில்லை. நீங்கள் களத்துக்குப் போய்விட்டீர்கள். நான் பின்னாலேயே வந்தேன். வைக்கோல் போர் பக்கம் நின்று அழுதுகொண்டிருந்தீர்கள். தேவியின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனா என்று கேட்டீர்கள். எனக்குப் பின்னால் வந்த தேவிதான் சொன்னாள்: “நீ சொல்லலைன்னா நான் சொல்லியிருப்பேம்மா. மூணு நாளா அதத்தான் யோசிச்சிட்டிருந்தேன்.”

அவளுக்கு அமைய இன்னும் ஒன்றரை வருஷம் ஆனது. அந்த நாட்களில் நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். வெளியே சிரித்துக்கொண்டிருந்தாலும், தரகர் வரும் நாட்களில் உங்களுக்குச் சோறு இறங்காது. இரண்டு இடம் உங்கள் கையைப் பார்த்தே போனது. ஒவ்வொரு தடவையும் அதே குட்டைக் கை ரவிக்கையோடு, அதே வார்த்தைகளைச் சொன்னீர்கள். கடைசியில் திருவாரூரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டாரில் மாப்பிள்ளையின் அம்மா காப்பியைக் குடித்துவிட்டு, சர்க்கரை இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும் என்றார். நீங்கள் அடுப்படிக்கு ஓடி வந்து சர்க்கரை டப்பாவைத் தேடியதும், அது கையிலேயே இருந்ததும் எனக்கு மறக்காது.

களிம்பு வேறொரு கம்பெனிப் பெயரில் மறுபடி வர ஆரம்பித்தது. பாய்தான் முதலில் போன் பண்ணினார். அன்றிலிருந்து அவர் கடைச் சரக்குதான். தேவி கல்யாணத்துக்கு முத்துலட்சுமி அக்கா பட்டுப்புடவையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். சந்தனம் கொடுக்கும் இடத்தில் நீங்களே நின்றீர்கள்.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு களத்திலிருந்து வந்தீர்கள். தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உங்களைக் குளிப்பாட்டும்போது மற்றப் பெண்களைத் தண்ணீர் மட்டும் ஊற்றச் சொல்லிவிட்டு, மஞ்சள் தேய்த்தது நான்தான். யாரும் தயங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். அந்தக் கையை இன்னொருவரிடம் விட எனக்கு மனசு வரவில்லை.

போன வாரம் தேவி போன் பண்ணினாள். அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும். குழந்தை பிறந்து அஞ்சு மாசம் ஆகிறது. பேத்தி உங்கள் ஜாடை. குழந்தையைப் பற்றி எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, “சித்தி, எனக்கு முழங்கையில வந்திருக்கு. டாக்டரப் பாத்துட்டேன். அதுதானாம்” என்றாள்.

எத்தனையோ ராத்திரி நீங்கள் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தீர்களோ, அது வந்தேவிட்டது. மெதுவாக, வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். அன்றைக்கே சொல்லிவிட்டேன், அத்தைதான் டாக்டரிடம் கூட வந்தார்கள் என்றாள். அழுதாயா என்று கேட்டேன்.

“கொஞ்ச நேரம். அப்புறம் அம்மா காப்பித் தட்டோட நின்னது ஞாபகம் வந்துச்சு. புள்ளைய மடியில போட்டுக்கிட்டேன்” என்றாள்.

போனை வைத்த பிறகு எனக்குப் பயம் இல்லை, அக்கா. அதுதான் எனக்கே ஆச்சரியம். அவளுடைய குரல், அன்றைக்குக் கூடத்தில் நீங்கள் பேசிய குரல். உங்கள் பெண் தன் கையை மறைக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை திருவாரூர் போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உங்கள்
சுமதி